எட்டு வராத நாட்கள்

அத்தியாயம் 4

செத்துப்போன மகனிடமிருந்து தயாளனுக்குத் தினமும் ஒரு எஸ்.எம்.எஸ். வந்துகொண்டிருந்தது. மதியம் மூன்று ஐந்துக்கு அவர் கேட்பார். மூன்று பத்து, மிஞ்சினால் மூன்று பன்னிரண்டுக்குள் பதில் வந்துவிடும். மூன்று எண்கள். வேறு ஒரு எழுத்து இருக்காது.

"நேத்து இது வந்துச்சு" என்று தன் பட்டன் போனை நீட்டினார். ஃபயாஸ் வாங்கிப் பார்த்தான். அனுப்பியவர் பெயர் தினா என்று இருந்தது. எண்கள் 3 0 7. அதற்கு மேலே தயாளன் கேட்ட கேள்வி, ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்: நம்பர் இன்னா பா.

போனைத் திருப்பிக் கொடுத்த பிறகு ஃபயாஸ் உள்ளங்கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டான். ஏன் துடைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பிலிருந்து இரண்டு தெரு உள்ளே, மாடி போர்ஷனின் முன்னறை அது. சுவரில் தினகரனின் படம், மாலை இன்னும் பழசாகவில்லை. படத்துக்குக் கீழே மேஜை, மேஜை மேல் லாங் சைஸ் நோட்டு. தயாளன் மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியொன்றில் முப்பது வருடம் செக்கிங் பிரிவில் இருந்தவர். நோட்டைப் பார்த்தாலே அது தெரிந்தது. தேதி வாரியாக அன்றன்று வந்த மூன்று எண்கள், பக்கத்தில் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை பத்துக் கட்டங்கள். ஒவ்வொரு எண் விழும்போதும் ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே. அடிக்கடி வரும் எண்ணுக்குப் பச்சை மை, வராமல் போக்குக் காட்டும் எண்ணுக்குச் சிவப்பு.

"லேத் மெஷின் தேஞ்சுபோச்சுன்னா எந்தப் பக்கம் தப்பு பண்ணும்னு ஆயிரம் பீஸ் பாத்தாலே சொல்லிடுவேன்மா" என்றார் ஹேமாவதியிடம். "லாட்டரி குலுக்குறதும் மெஷின்தானே. தேயாம இருக்குமா?"

ஹேமாவதி தலையாட்டினார். இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் லேப் டீச்சராக இருந்துவிட்டு, மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் துப்பறியும் அலுவலகம் போட்டவர். பெரும்பாலும் கல்யாண விசாரிப்புகள். மாப்பிள்ளை குடிப்பாரா, முதல் பெண்டாட்டி உண்டா. ஃபயாஸ் அதற்கு முன் கேம்ப் ரோட்டில் ரீசார்ஜ் கடை வைத்திருந்தான். ஆறு வருடமாக இவருக்கு வண்டி ஓட்டுகிறான், பேச்சும் கொடுக்கிறான். பேச்சுக்குத் தனியாகச் சம்பளம் கிடையாது என்பது அவனுடைய நிரந்தரக் குறை.

தினகரன் இறந்து அறுபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. பொங்கலுக்கு அடுத்த வாரம், படப்பைப் பக்கம் ஓர் ஏரிக்கரைப் பாதையில், ஸ்கூட்டர் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்ததாக வழக்கு முடிந்திருந்தது. ஆடு மேய்க்கப் போன பெண் ஒருத்தி சாயங்காலம் ஐந்து மணிக்குப் பார்த்தாள். போன் கிடைக்கவில்லை. அன்று மூன்று ஐந்துக்குத் தயாளன் வழக்கம்போல் நம்பர் கேட்டார். மூன்று பன்னிரண்டுக்குப் பதில் வந்தது. நோட்டில் கோடு போட்டுவிட்டுத் தூங்கினார். மறுநாள், மகனை மயானத்தில் விட்டுவிட்டு வந்த கையோடு, என்ன நினைத்தாரோ, மறுபடி கேட்டார். மறுபடி பதில் வந்தது. அதிலிருந்து ஒரே ஒரு நாளைத் தவிர நிற்கவில்லை.

"எட்டுதாம்மா ராஜா" என்று தயாளன் பச்சைக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். "பதினாலு மாசம் எட்டு வந்துகினே இருந்துச்சு. தினா போன மறுநாள்லேந்து ஒரு எட்டு கூட வரல. இன்னா அர்த்தம்? சேத்து வைக்கிறான்."

கதவருகில் நின்ற சந்திரிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தினகரனின் மனைவி. இவர்களை அமர்த்தியவளும் அவள்தான். விஷயத்தைத் திங்கட்கிழமையே சொல்லியிருந்தாள். கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று எண்களை வைத்து இங்கே திருட்டுத்தனமாக நடக்கும் ஆட்டத்தில் மாமனார் ஒரு காலத்தில் நிறையப் பணம் விட்டவர். தினகரன்தான் அவரை நிறுத்தினான். கடைப் பக்கம் போகக் கூடாது, நோட்டு மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், ரிசல்டை நான் பார்த்து அனுப்புகிறேன் என்று ஒப்பந்தம். சார்ட், அதாவது அந்த நோட்டுக் கணக்கு, பழுக்கும்வரை பொறுத்திருப்பதாக அவரும் ஒப்புக்கொண்டார். இப்போது பழுத்துவிட்டது என்கிறார். நாளைய குலுக்கலில் எட்டு விழும் என்கிறார். தினகரனின் இன்சூரன்ஸ் பணம், நாமினி அவர் பெயரில் வந்தது, மொத்தமும் அதில் வைக்கப் போகிறார். நம்பரை எழுதிக்கொள்ள ஏஜென்ட் தனக்கோடி இன்று மாலை ஆறு மணிக்கு வருகிறான்.

படிக்கட்டில் இறங்கும்போது சந்திரிகா பின்னாலேயே வந்தாள்.

"பணம் போனா போகட்டும் மேடம். எட்டு வரலைன்னா, தினாவே ஏமாத்திட்டான்னு நினைப்பார். அதுக்கப்புறம் அவர் இருக்க மாட்டார்." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்கும் மூணு மணி ஆனா கை வேலை ஓடறதில்ல. நேத்து சமையலறையில நின்னுட்டு, வந்துடுச்சான்னு நானே கேட்டேன்."

ஹேமாவதி அவள் கையைப் பிடித்து, அன்றைக்குத் தினகரன் படப்பைக்கு ஏன் போனார் என்று கேட்டார். சந்திரிகாவுக்கு அது சரியாகத் தெரியாது. பழைய கார் ஒன்று பார்த்துவைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறான். அப்பாவோட நம்பர்ல வருது, விலையும் கம்மி என்று சிரித்தானாம். எந்தக் கடை என்று சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டுச் சொல்வதாக இருந்தான்.

சந்திப்பில் டீக்கடை நிழலில் ஃபயாஸ் தன் போனில் குலுக்கல் முடிவுகளை எடுத்து, நோட்டைப் படமெடுத்த பக்கங்களோடு ஒப்பிட்டான். ஐந்து நிமிடம் கழித்துத் தலையை நிமிர்த்தினான்.

"டீச்சர், ஆவிக்கு ரிசல்ட் பாக்கத் தெரியல. ரெண்டு மாசமா ஒரு நம்பர் கூட ஒத்துக்கல. எல்லாம் உடான்ஸ்."

ஹேமாவதி போனை வாங்கி நோட்டின் இன்னும் பழைய பக்கங்களுக்குப் போய் எதையோ நெடுநேரம் பார்த்தார். பிறகு தினகரனின் சிம் பற்றிக் கேட்டார். ஃபயாஸ் தன் பழைய தொழில் நண்பர்களைப் பிடித்து விசாரித்திருந்தான். போன மாதம் அந்த எண்ணுக்கு யாரோ ரீசார்ஜ் செய்திருந்தார்கள். படப்பை மார்க்கெட்டில் ஒரு சின்னக் கடை, ரொக்கம், கேமரா கிடையாது. கூப்பிட்டால் எப்போதும் ஸ்விட்ச் ஆஃப். மூன்று மணிக்கு மேல் பத்து நிமிடம் உயிர் வரும், அப்போதும் எடுக்க மாட்டார்கள்.

"பேயா இருந்தாலும் வேலிடிட்டி முடிஞ்சா பேஜார்தான்" என்றான்.

ஹேமாவதி சிரிக்கவில்லை. மரப் பெஞ்சில் உட்கார்ந்து, இறந்த நாளுக்குப் பிறகு வந்த அறுபத்தொரு எண்களையும் ஒரு தாளில் எழுதினார். 3 3 7. 9 1 1. 5 5 0. 7 2 0. லேபில் பையன்கள் ஊசல் அலைவதையே பார்க்காமல் நோட்டில் ரீடிங் எழுதிக் கொடுப்பார்கள் என்றார். ஊசல் எழுதும் எண்ணுக்கும் பையன் எழுதும் எண்ணுக்கும் வித்தியாசம் உண்டு. பையனுக்குப் பிடித்த எண், பிடிக்காத எண் என்று இருக்கும். ஊசலுக்கு அது கிடையாது.

"குலுக்கலுக்கு ஞாபகம் இல்ல ஃபயாஸ். போன மாசம் என்ன விழுந்ததுன்னு அதுக்குத் தெரியாது. அதனால இந்த நோட்டை வச்சு நாளைக்கு என்ன விழும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா எழுதினது மனுஷன்னா, அவன் யாருன்னு இந்த நோட்டு சொல்லும். அறுபத்தொரு நாள்ல பதினஞ்சு தடவையாவது எட்டு வந்திருக்கணும். ஒண்ணு கூட இல்ல. எட்டுன்னா பயப்படற ஆள்."

"எட்டுக்குப் பயப்படாதவன் தமிழ்நாட்டுல யார் டீச்சர்? சனீஸ்வரன் ஒருத்தர்தான்." சொல்லிவிட்டு ஃபயாஸ் தாளை எட்டிப் பார்த்தான். ஏதோ உறுத்தியது. விரல் விட்டு எண்ணினான். மூன்றும் மூன்றும் ஏழும் பதின்மூன்று, அது நாலு. ஒன்பது ஒன்று ஒன்று பதினொன்று, அது ரெண்டு. கடைசிவரை போனான். டீ ஆறிப்போனது.

"இவன் சும்மா பயந்தவன் இல்ல" என்றான் மெதுவாக. "கூட்டிப் பாருங்க. கூட்டுத்தொகையும் எட்டு வரல. ஒண்ணு ரெண்டு அஞ்சு கிடையாது. மூணு அஞ்சு சைபர் கிடையாது. கூட்டினா பதினேழு வர்றதும் கிடையாது. ஒரு தடவ கூட. போடறதுக்கு முன்னால ஒவ்வொண்ணையும் கூட்டிப் பாத்துட்டுதான் போட்டுக்கீறான்."

"எந்த ஆள் நம்பரைப் பார்த்ததும் கூட்டுவான்?"

ஃபயாஸ் பதில் சொல்லாமல் எதிரே நிறுத்தியிருந்த தன் ஸ்கூட்டரைக் காட்டினான். செகண்ட் ஹேண்ட். 2 5 0 1. கூட்டினால் எட்டு. அந்தக் காரணத்துக்காகவே நாலாயிரம் குறைத்துக் கொடுத்தார்கள். வாங்கிய அன்று புரோக்கர், ஊரில் யாரிடமும் என் கடை பெயரைச் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டான். தாம்பரத்திலிருந்து ஒரகடம் வரை பழைய வண்டி வியாபாரத்தில் இருக்கிற எவனும் எட்டு வண்டியைக் கடை முகப்பில் நிறுத்த மாட்டான்.

ஹேமாவதி எழுந்தார். அப்பாவின் நம்பர், விலையும் கம்மி. தினகரன் போனது எட்டு வண்டி பார்க்க.

முடிச்சூர் சாலை வழியாகப் படப்பை போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை ஆகிவிட்டது. முதல் கடையில் எட்டு வண்டி வேண்டும் என்று ஃபயாஸ் கேட்டதும் வீட்டில் ஏதாவது பிரச்சினையா தம்பி என்று விசாரித்தார்கள். இரண்டாவது கடைக்காரர் மட்டும் யோசித்தார். ஜனவரியில் மோகன்ராஜ் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டான் என்றார். நல்லா ஓடுற வண்டி. பார்ட்டி கூட ரெடியா இருந்தது. என்ன ஆயிற்றோ, பொங்கல் முடிந்து பத்து நாளில் காயலான் கடைக்குத் தள்ளி உடைக்கச் சொல்லிவிட்டான்.

"ஓடுற வண்டியையா?" என்றார் ஹேமாவதி.

"அதான் எங்களுக்கும் புரியல மேடம்."

மோகன்ராஜின் கடை ஒரகடம் போகும் சாலையில் இருந்தது. ஊர்க்காரர், சொந்த நிலத்தில் தகரக் கொட்டகை போட்டு இருபது கார் நிறுத்தியிருந்தார். ஃபயாஸ் வாசலிலிருந்து அலுவலக அறைவரை ஒவ்வொரு நம்பர் பிளேட்டாகக் கூட்டிக்கொண்டே நடந்தான். எட்டு இல்லை.

ஐம்பது வயது இருக்கும் அந்த மனிதருக்கு. வெள்ளைச் சட்டை, கழுத்தில் சங்கிலி, கண்ணுக்குக் கீழே தூங்காத கருப்பு. மரியாதையாக மோர் வரவழைத்தார். ஃபயாஸ் வேண்டுமென்றே வண்டி வண்டியாக விசாரித்து நேரத்தைக் கடத்தினான். மைலேஜ் கேட்டான், டயர் கேட்டான், நாலாவது காரின் பின்சீட்டில் இருப்பது கறையா டிசைனா என்று கேட்டான். எட்டு நம்பர் வண்டி என்று சொன்னபோது மட்டும் மோகன்ராஜின் கை டம்ளரில் நின்றது.

"அத நான் எடுக்கறதில்ல."

மணி மூன்றானதும் அவர் ஒரு சாவியை எடுத்து மேஜை டிராயரைத் திறந்தார். உள்ளே எதையோ அழுத்தினார். மூடினார். அதன் பிறகு அவர் பேச்சு இவர்களிடம் இருந்தது, காது டிராயரில் இருந்தது. ஒரு தடவை வெளியே பையனைக் கூப்பிடுவதுபோல் எழுந்து, திரும்ப உட்கார்ந்தார். இவர்களைப் போகச் சொல்லவும் வாய் வரவில்லை.

மூன்று ஐந்துக்கு டிராயருக்குள் ஒரு சின்ன ஒலி கேட்டது.

வெளியே கன்டெய்னர் லாரி ஒன்று போனது, கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

"எடுத்துப் பாருங்க" என்றார் ஹேமாவதி. "அவர் காத்துக்கிட்டு இருப்பார்."

மோகன்ராஜ் அவரையே பார்த்தார். ஃபயாஸ் தன் போனில் தினகரனின் எண்ணை அழுத்தினான். டிராயர் ஒலித்தது. மூடிய மரப் பெட்டிக்குள்ளிருந்து, ஒரு பழைய பட்டன் போனின் தட்டையான மணி. ஆறு தடவை அடித்து நின்றது. அதைத் தன் விரலால்தான் ஒலிக்க வைத்தோம் என்று தெரிந்தும் ஃபயாஸ் தன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தான்.

மோகன்ராஜ் டிராயரை இழுத்து அந்தப் போனை மேஜை மேல் வைத்தார். அதன் சின்னத் திரையில் மூன்று சொல் இருந்தது. நம்பர் இன்னா பா.

அதன் பிறகு அவர் தன் கதையை ஒரு மூச்சில் சொன்னார். ஏரிக்கரைப் பாதையில் போகும்போது பள்ளத்தில் ஒருவன் கிடப்பதைப் பார்த்தார். இறங்கிப் பார்த்தால் உயிர் போயிருந்தது. வீட்டுக்குச் சொல்லலாம் என்று அவன் போனை எடுத்தார், அதற்குள் அப்பாவிடமிருந்து நம்பர் கேட்டு எஸ்.எம்.எஸ். வந்தது. பயம். ஏதோ மூன்று எண்ணை அடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். மறுநாளும் கேட்டதும் பதில் போடாமல் இருக்க முடியவில்லை. சிம்மைக் கழற்றி இதில் போட்டார். ஒரு நாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, போனை அணைக்காமலே, பதில் போடாமல் சும்மா இருந்து பார்த்தார். ராத்திரி எட்டு மணிக்கு அந்தக் கிழவர் இன்னொரு எஸ்.எம்.எஸ். அனுப்பினார். சாப்டியா பா என்று கேட்டிருந்தார்.

"அதுக்கு மேல என்னால முடியலம்மா" என்றார் மோகன்ராஜ்.

ஹேமாவதி எழுதிய தாளை விரித்தார். குரலில் கோபம் இல்லை, லேபில் தவறான ரீடிங்கைத் திருத்துகிற அதே குரல்.

"இதுல அறுபத்தொரு நம்பர் உங்களோடது. எட்டும் இல்ல, கூட்டி எட்டும் இல்ல. பயத்துலயும் பழக்கம் போகாது. ஆனா முதல் நாள் மூணு பன்னெண்டுக்குப் போனது எது தெரியுமா? நாலு எட்டு அஞ்சு. நடுவுல எட்டு. கூட்டினா பதினேழு, அதுவும் எட்டு." தாளின் மேலே விரலை வைத்தார். "இது நீங்க போட்ட நம்பர் இல்ல. வேற யாரோ சொல்லி, உங்க கை அடிச்சது. அந்தப் பள்ளத்துல உங்களைத் தவிர இன்னொருத்தர்தான் இருந்தார். அவர் பேசியிருக்கார்."

மோகன்ராஜின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. மோர் டம்ளரை நகர்த்தி வைத்தார், மறுபடி நகர்த்தினார்.

அன்று எட்டு வண்டியை ஏரிக்கரைக்கு அவரே ஓட்டிக்கொண்டு வந்ததாக இப்போது ஒப்புக்கொண்டார். தினகரன் ஏரிக்கரையில் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான், கடையில் வைத்து எட்டு வண்டியைக் காட்ட இவருக்கு விருப்பமில்லை. வளைவில் கார் அவன் ஸ்கூட்டரை உரசியது. இவர் இறங்கி ஓடியபோது தினகரன் கண் திறந்துதான் இருந்தான். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. சட்டைப் பையிலிருந்த போன் ஒலித்தது.

"அண்ணா, அப்பா நம்பர் கேப்பாரு, நாலு எட்டு அஞ்சுன்னு போட்டுடுங்கன்னாரு. ரிசல்ட் பாக்கணுமான்னு நான் கேட்டேன். வேணாம், நான் தினமும் வாயில வர்றததான் போடறேன், எட்டு ஒண்ணு இருந்தா போதும், நிம்மதியா தூங்கிடுவாருன்னாரு. அந்த நெலமையில சிரிச்சாருமா."

ஃபயாஸ் ஹேமாவதியைத் திரும்பிப் பார்த்தான். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. டீக்கடையில் அவர் பின்னால் போய்ப் பார்த்தது எதை என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

"அப்புறம்?" என்றார் ஹேமாவதி.

"ஆட்டோ கூட்டிகினு வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன். போன் கையிலயே இருந்துச்சு. ரோட்டுக்கு வந்ததும் கால் நிக்கல. அந்த எட்டு வண்டியத் தொட்டதே தப்புமா. தொட்ட அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"பழியை எட்டு மேல போடாதீங்க. மூணு பன்னெண்டுலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் அவர் அங்க கிடந்தார். ஆட்டோ வருதான்னு பாத்துக்கிட்டு."

மேஜை மேல் போன் மறுபடி ஒலித்தது. மூன்று பதினெட்டு. தயாளன் மறுபடி கேட்டிருந்தார். மோகன்ராஜின் விரல் பழக்கத்தில் அதை நோக்கிப் போனது. ஹேமாவதி போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இன்னிக்கு நாங்களே நேர்ல போய்ச் சொல்லிக்கறோம். நீங்க கிளம்புங்க. போலீஸ் ஸ்டேஷன் பக்கத்துலதான்."

அவர் மறுக்கவில்லை. கடையைப் பூட்டச் சொல்லிப் பையனிடம் சாவியைக் கொடுத்தார். சட்டை பொத்தானைப் போட்டுக்கொண்டார். இரண்டு மாதத்தில் முதல் தடவையாகத் தூங்கப் போகிறவர்போல் நடந்தார் என்று ஃபயாஸுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அவனுக்கு அவர் மேல் எரிச்சல் வந்தது.

ஸ்டேஷனில் புகார் எழுதி முடித்து, ராஜகீழ்ப்பாக்கம் திரும்ப ஐந்தே முக்கால் ஆனது.

தயாளன் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதில் வராததில் ஒரு பக்கம் கலக்கம், இன்னொரு பக்கம் தெளிவு. எட்டு விழப் போவது நாளைக்குத்தான், அதனால் இன்றைக்கு ஒன்றும் அனுப்பவில்லை என்று கணக்குப் போட்டிருந்தார். ஹேமாவதி சந்திரிகாவைத் தனியே அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னார். சந்திரிகா சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவருக்கு எவ்வளவு சொல்லட்டும் என்று கேட்டதற்கு, மிச்சம் வைக்காதீங்க என்றாள்.

ஹேமாவதி மிச்சம் வைக்கவில்லை. எட்டு நம்பர் காரில் தொடங்கி டிராயரில் இருந்த போன்வரை சொன்னார். தயாளன் குறுக்கே ஒரு தடவைதான் பேசினார்.

"பதினாலு மாசமும் தினா அவனா போட்டதா?"

"பதினாலு மாசமும். நான் ஒத்துப் பார்த்தேன். ஒரு நாள் கூட குலுக்கல் ரிசல்ட் இல்ல."

கிழவர் நோட்டைப் பிரித்து முதல் பக்கத்திலிருந்து விரலை ஓட்டினார். செக்கிங் மேஜையில் உட்கார்ந்த மனிதராக மாறிவிட்டார். ஏழெட்டுப் பக்கம் தாண்டியதும் விரல் நின்றது.

"ஒரே எண்ணு ரெண்டு தடவ வந்த நாளே இல்ல. மூணு மூணு ஏழுன்னோ, அஞ்சு அஞ்சு சைபர்னோ ஒண்ணு கூட இல்ல. நூறு தடவ குலுக்குனா இருவத்தஞ்சு தடவையாவது அப்படி விழணும். எல்லாம் வேற வேறயா, அழகா, பாத்துப் பாத்துப் போட்டுக்கீறான்." அவர் குரல் தடுமாறியது. "முப்பது வருசம் செக்கிங்ல இருந்தேன். இத பாக்கல. எட்டதான் பாத்துகினு இருந்தேன்."

"உங்களுக்குப் பிடிக்கும்னுதான் அந்த எட்டு" என்றார் ஹேமாவதி.

அவர் தலையாட்டினார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"மூணு பன்னெண்டுக்கு அவன் உசுரோட இருந்தான்."

"ஆமா சார்."

"நான் நம்பர் இன்னான்னு கேட்டேன். நீ எங்க கீறேன்னு கேக்கல."

சந்திரிகா வந்து அவர் அருகில் தரையில் உட்கார்ந்தாள். போலீஸ் நோட்டைக் கேட்கும் என்று ஹேமாவதி தயங்கித் தயங்கிச் சொன்னார். தயாளன் தினகரன் இறந்த நாளின் பக்கத்தைத் தேடி எடுத்தார். அதற்குப் பிந்தைய பக்கங்களை ஸ்டேப்பிளிலிருந்து மெல்லப் பிரித்து அவரிடம் நீட்டினார். முன்பகுதியைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதையும் கேட்பார்கள் என்று சொல்ல ஹேமாவதிக்கு அந்த நேரத்தில் மனம் வரவில்லை.

கீழே கேட் சத்தம் கேட்டது. தனக்கோடி படியேறி வந்து வாசலில் செருப்பைக் கழற்றினான். மெலிந்த ஆள், காதில் பேனா, கையில் துண்டுச் சீட்டு. அறையில் இத்தனை பேரைப் பார்த்ததும் தயங்கினான். ஃபயாஸ் எழுந்து வழி மறிக்கப் போனான். தயாளன் கையமர்த்தினார்.

"நம்பர் எடுத்துட்டியா அண்ணா?" என்று தனக்கோடி வாசலிலிருந்தே கேட்டான். "எட்டுதானே? எழுதிக்கவா?"

"நம்பர் இல்லப்பா. குலுக்கலே நடக்கல."

"இன்னாண்ணா சொல்ற? இன்னிக்குக் கூட மூணு மணிக்கு நடந்துச்சே."

"அது உங்க குலுக்கல்" என்றார் தயாளன். "எனக்குத் தினா போட்டதுதான் குலுக்கல். நீ கிளம்பு."